ஆத்துப் பங்கை அளந்து காட்டு! அளக்க ஆளும் பணமும் கொடு!

(கொள்ளிடக் கரை ஊர்களில் நடந்த போராட்ட விளக்கக் கூட்டங்களில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை. படிக்கத் தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.)

அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே! தாய்மார்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! இளைஞர்களே!

வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

ஒரு கோடையில் நாம் மனு எடுத்துக்கொண்டு குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போனோம். ஆறு காய்ந்து கிடக்கிறது, போர் தண்ணி உப்புக் கரிக்கிறது, மாடு கூட வாய் வைக்க மாட்டேங்குது என்று சொன்னோம். மேடையில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு ரிஜிஸ்டரைத் திறந்தார். "பதிவேட்டின்படி தண்ணீர் விடப்பட்டுள்ளது" என்று படித்தார். அவ்வளவுதான், மனு முடிந்தது. நம்ம கையில் என்ன இருந்தது? ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணி இருந்தது. அவர் கையில் எண் இருந்தது. பாட்டில் தோற்றது, எண் ஜெயித்தது.

அன்றைக்கு வீடு திரும்பும்போது பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்ததுதான் இந்தப் போராட்டத்தின் ஆரம்பம். கண்ணால் பார்த்தது கணக்கில் ஏறாது. கணக்கில் ஏறாத உரிமை கையில் நிற்காது. ஆகவே அளக்க வேண்டும். அளக்க ஆள் வேண்டும், கருவி வேண்டும், இஞ்சினியர் வேண்டும். அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும். நம்ம கோரிக்கை இதுதான்.

ஆத்துக்குன்னு ஒரு பங்கு இருக்கு

காவிரி வழக்கு என்றால் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு, கர்நாடகத்துக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஆத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆத்துக்கும் பங்கு உண்டு தோழர்களே.

2007 பிப்ரவரி 5 அன்று நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்பு கொடுத்தது. மொத்தம் 740 டி.எம்.சி. என்று கணக்கிட்டது. அதில் நமக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. மீதி 14-இல் கடலுக்குத் தவிர்க்க முடியாமல் போவது 4. சுற்றுச்சூழலுக்காக, அதாவது ஆறு ஆறாக இருப்பதற்காக 10 டி.எம்.சி. தனியாக ஒதுக்கினார்கள்.

2018 பிப்ரவரி 16 அன்று சுப்ரீம் கோர்ட் அந்தத் தீர்ப்பைத் திருத்தியது. நம்ம பங்கு 404.25 ஆகக் குறைந்தது. பில்லிகுண்டுலுவில் வர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. ஆனால் ஆத்துக்கு ஒதுக்கிய 10 டி.எம்.சி.யில் கை வைக்கவில்லை. மாதவாரி அட்டவணையைப் பாருங்கள். பிப்ரவரி 2.5, மார்ச் 2.5, ஏப்ரல் 2.5, மே 2.5. நாலும் சேர்ந்தால் 10.

2.5 டி.எம்.சி. என்றால் எவ்வளவு? ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. 2.5 டி.எம்.சி.யை ஒரு மாதத்துக்குப் பிரித்தால் நொடிக்குச் சுமார் 1,000 கன அடி, ராத்திரி பகல் நிற்காமல். அதுவும் எந்த மாதத்தில்? ஜனவரி 28-இல் மேட்டூரில் பாசனத்துக்கு அடைக்கிறது வழக்கம். அதற்குப் பிறகு வருகிற நாலு கோடை மாதம். நம்ம நிலத்தடியில் உப்பு ஏறுவதும் அதே நாலு மாதத்தில்தான்.

இனி நம்ம கேள்வி. பில்லிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. அங்கே ஒரு கன அடி குறைந்தாலும் இரண்டு மாநிலமும் ஆணையத்தில் மல்லுக்கு நிற்கின்றன. சரி, நிற்கட்டும். அளந்த தண்ணீர் மேட்டூருக்குள் போகிறது. அதற்குப் பிறகு அந்த ஆத்துப் பங்கு எங்கே போகிறது? மேட்டூரிலிருந்து கோடையில் குடிநீருக்கு என்று திறக்கிறார்கள். அதில் குடிநீர் எவ்வளவு, ஆத்துப் பங்கு எவ்வளவு? முக்கொம்புக்கு எவ்வளவு வந்தது? கல்லணையில் எவ்வளவு? அணைக்கரைக்குக் கீழே எவ்வளவு? பழையாறு முகத்துவாரத்துக்கு ஒரு சொட்டாவது வந்ததா? இப்படி ஒரு கணக்கை நாம் கேட்டிருக்கிறோம். இதுவரை நம்மிடம் யாரும் காட்டவில்லை.

கர்நாடகம் தரவில்லை என்றால் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். வந்ததைக் கடைசி வரைக்கும் விட்டோமா என்று நம்ம அரசையும் கேட்க வேண்டாமா?

"வயலுக்கே இல்லை, ஆத்துக்கு எதுக்கு?"

நம்ம ஆட்களிலேயே சிலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கடலுக்குப் போகிற தண்ணி வீண் என்றுதான் நமக்குச் சின்ன வயசிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் கொள்ளிடத்தில் லட்சம் கன அடி போகிறதே, அதைத் தேக்கக் கூடாதா என்று கேட்டால் நாமும் கூடவே நின்று கேட்போம். இங்கே பேசுவது வெள்ளத்தைப் பற்றி இல்லை, கோடை ஓட்டத்தைப் பற்றி.

கடலோரத்து நிலத்தடியில் இரண்டு தண்ணி ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கிறது. கீழே கடலின் உப்புத் தண்ணி. அதற்கு மேலே மழையும் ஆறும் கொடுத்த நல்ல தண்ணி. மேலே இருக்கிற நல்ல தண்ணி கனமாக இருக்கிற வரை உப்பு அடங்கிக் கிடக்கும். ஆறு காய்ந்து, போரையும் ஓட்டினால் நல்ல தண்ணி மெலியும், உப்பு ஏறும். ஒரு தடவை ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்காது. ஆத்துக்குள்ளேயும் அப்படித்தான். மேலேயிருந்து தள்ளுகிற தண்ணி இல்லையென்றால் ஓதத்தோடு கடல் ஆத்துக்குள் ஏறி வருகிறது.

அப்புறம் என்ன ஆகும்? குறுவைக்குப் போர்த் தண்ணியில் நாற்று விட்டால் நுனி கருகும். உளுந்து பிடிக்காது. குடிக்கக் குடம் எடுத்துக்கொண்டு பெண்கள் அடுத்த ஊருக்கு நடக்க வேண்டும். கொள்ளிடத்து மணலுக்கடியிலிருந்து எடுக்கிற தண்ணி குழாய் வழியாக வேதாரண்யம் வரைக்கும் போகிறது. ஆறு ஊறவில்லை என்றால் அந்தக் கிணறும் ஊறாது. ஆத்துக்கு விடுகிற தண்ணி நம்ம போருக்கும் நம்ம குடத்துக்கும் விடுகிற தண்ணிதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். குறுவைக்கோ சம்பாவுக்கோ உள்ள பாசனப் பங்கில் ஒரு கன அடி குறைத்து ஆத்துக்கு விடு என்று சங்கம் கேட்கவில்லை. ஆத்துக்கென்று தீர்ப்பிலேயே எழுதி வைத்த பங்கை ஆத்தில் விடு என்றுதான் கேட்கிறோம்.

கொள்ளிடத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இதை வெள்ளம் வடிகிற ஆறு என்றே வைத்துவிட்டார்கள். காவிரித் தண்ணி முழுக்கக் கொள்ளிடத்தில் இறங்கிவிடுகிறது என்று 1836-இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். அதனால் காவிரிப் பாசனம் பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கோடையில் கொள்ளிடத்துக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த விதி ஏதாவது உண்டா என்றால், நமக்குத் தெரிய யாரும் காட்டியதில்லை. வெள்ளம் வந்தால் நம்ம ஊரை முழுக அடிப்பார்கள், வெயில் வந்தால் நம்ம ஊரை மறந்துவிடுவார்கள். இதுதான் கடைமடைக்காரன் பிழைப்பு.

10 டி.எம்.சி. கைவிட்டுப் போன கதை

கணக்குக்கு எவ்வளவு பலம் என்று பாருங்கள். 2018-இல் நம்ம பங்கில் 14.75 டி.எம்.சி. போயிற்று. அதில் 4.75 பெங்களூர் குடிநீருக்கு. மீதி 10 எதற்காகக் குறைத்தார்கள்? தமிழ்நாட்டுப் படுகையில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10-ஐயாவது கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்றது கோர்ட்.

நம்ம பூமிக்கு அடியில் இருப்பதாகச் சொன்ன தண்ணியைக் காட்டி நம்ம ஆத்துத் தண்ணியை எடுத்துவிட்டார்கள். அந்த நிலத்தடி நீரை ஊற வைப்பதே ஆத்துத் தண்ணி தானே? கடைமடையில் அதில் பாதி உப்பாகிக் கிடக்கிறதே? இது நமக்குத் தெரியும். ஆனால் எந்த ஊரில் எத்தனை அடியில் எவ்வளவு உப்பு, ஆறு ஓடிய மாதம் எவ்வளவு, காய்ந்த மாதம் எவ்வளவு என்று ஊர் ஊராக, வருஷம் வருஷமாக எழுதிவைத்த கணக்கு நம்ம கையில் இல்லை.

இன்னொன்று. அந்தத் தீர்ப்பு 15 வருஷத்துக்கு என்று சொல்லியிருக்கிறார்கள். 2018-உம் 15-உம் கூட்டுங்கள், 2033. அதற்குப் பிறகு மறுபடியும் கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் மேஜையில் எதை வைப்போம்? அந்தக் கடைசி வருஷத்தில் அளக்க ஆரம்பித்தால் ஒரு வருஷக் கணக்குதான் இருக்கும். இன்றைக்கே ஆரம்பித்தால்தான் மழை வருஷம், காய்ந்த வருஷம் இரண்டும் கணக்கில் வரும். பிள்ளைக்குப் பத்திரம் எழுதி வைப்பது மாதிரி இதை இப்போதே எழுதத் தொடங்க வேண்டும்.

அளப்பது எப்படி? இஞ்சினியர் எதற்கு?

அளப்பது மந்திர வேலை இல்லை. நாமே ஓரளவு செய்யலாம். வாய்க்காலில் நேராக ஓடுகிற இடத்தில் 60 அடி அளந்து இரண்டு பக்கமும் குச்சி நடுங்கள். ஒரு நெத்துத் தேங்காயை மிதக்க விடுங்கள். 60 அடி போக 40 நொடி ஆகிறது என்றால் வேகம் நொடிக்கு ஒன்றரை அடி. வாய்க்கால் அகலம் 20 அடி, சராசரி ஆழம் 2 அடி. 20-ஐ 2-ஆல் பெருக்கினால் 40. அதை ஒன்றரையால் பெருக்கினால் 60. மேல்தண்ணி வேகமாக ஓடும், அடித்தண்ணி மெதுவாக ஓடும். ஆகவே 100-க்கு 85 என்று கழித்துக்கொள்ள வேண்டும். 51 கன அடி. இவ்வளவுதான்.

அப்படியானால் இஞ்சினியர் எதற்கு என்று கேட்பீர்கள். நம்ம தேங்காய்க் கணக்கு நமக்குப் போதும், கோர்ட்டுக்குப் போதாது. பெரிய ஆத்தில் குறுக்கே கயிறு கட்டி, பத்து இருபது இடத்தில் ஆழம் பார்த்து, ஓட்டமானி வைத்து வேகம் பார்த்து, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். தண்ணி குறைவாக இருக்கும்போது ஒரு தடவை, நடுத்தரமாக இருக்கும்போது ஒரு தடவை, வெள்ளத்தில் ஒரு தடவை என்று பல நாள் அளந்தால்தான், அளவுகோலில் இத்தனை அடி தெரிந்தால் இத்தனை கன அடி ஓடுகிறது என்ற பட்டியல் தயாராகும். ரிஜிஸ்டரில் எழுதுகிற எண் எல்லாம் அந்தப் பட்டியலிலிருந்து வருவதுதான்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. ஆத்துப் படுகையில் மணலை அள்ளிவிட்டால் அடி இறங்கிவிடும். அடி இறங்கினால் பழைய பட்டியல் பொய் பேசும். 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் 9 ஷட்டர் அடித்துக்கொண்டு போனதே, ஞாபகம் இருக்கா? மணலை அள்ளியதுதான் அடித்தளத்தைத் தின்றது என்று அன்றைக்கு நாம் சொன்னோம், ஊரே சொன்னது. கல்லையும் இரும்பையும் சாய்க்கிற மணல் கொள்ளை, கணக்கைச் சாய்க்காதா? ஆகவே பட்டியலை ஒரு தடவை போட்டால் போதாது. வருஷா வருஷம் திரும்ப அளந்து திருத்த வேண்டும். நிரந்தரமாக ஆள் வேண்டும் என்று கேட்பது இதற்குத்தான். கருவியை வாங்கி வைத்து ரிப்பன் வெட்டி போட்டோ எடுத்துக்கொண்டு போனால் அடுத்த வருஷம் அதில் குருவி கூடு கட்டும்.

நம்ம வாய்க்கால் தலைப்புக்குப் போய்ப் பாருங்கள். அளவுகோல் கல் நிற்கிற இடத்தில் எண் அழிந்து கிடக்கும். பழைய காலத்தில் லஸ்கர் தினம் வந்து பார்த்து எழுதுவார். ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடவில்லை. ஒரே ஆள் பத்து மதகைப் பார்த்தால் எதை அளப்பார், எதை எழுதுவார்? அவர் மேல் நமக்குக் கோபம் இல்லை. அவரும் நம்மோடு சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம்தான் இது.

மற்ற இடத்தில் முடிகிறதே!

இது நடக்காத காரியம் என்று சொல்வார்கள். கங்கையில் நடந்திருக்கிறது. 2018 அக்டோபரில் மத்திய அரசு கங்கைக்குக் குறைந்தபட்ச ஓட்டம் என்று அறிவிக்கை போட்டது. ஹரித்வார் வரைக்கும் மேல் பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை வருகிற ஓட்டத்தில் 20 சதம், அக்டோபர், ஏப்ரல், மே மாதங்களில் 25 சதம், ஜூன் முதல் செப்டம்பர் வரை 30 சதம் ஆத்திலேயே ஓட வேண்டும். ஹரித்வார் பீம்கோடா தடுப்பணைக்குக் கீழே மழை இல்லாத மாதங்களில் நொடிக்கு 36 கன மீட்டர், அதாவது சுமார் 1,270 கன அடி விட வேண்டும். அதைக் கண்காணிக்கும் பொறுப்பு மத்திய நீர் ஆணையத்துக்கு. எந்த இடத்தில், எந்த மாதம், எவ்வளவு, யார் அளப்பது எல்லாம் எழுத்தில் இருக்கிறது. கங்கைக்கு ஒரு நியாயம், காவிரிக்கு ஒரு நியாயமா?

அமெரிக்காவில் கொலராடோ என்று ஒரு மாநிலம். வறண்ட பூமி. அங்கே யார் முதலில் தண்ணியைப் பதிந்தாரோ அவருக்கு முதல் உரிமை. 1973-இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆத்தில் ஓடுகிற தண்ணிக்கும் உரிமை பதியலாம், அதை மாநில நீர் வாரியம் மட்டும் வைத்துக்கொள்ளும் என்றார்கள். அதற்கு முன்னால் பதிந்த விவசாயியின் உரிமையை அது தொடாது. இன்றைக்கு 1,500-க்கு மேற்பட்ட ஓடை, ஆத்துப் பகுதிகளுக்கு அப்படி உரிமை இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் ஆத்துக்குள் இறங்கி அகலம், ஆழம், வேகம் அளந்துதான் எவ்வளவு தேவை என்று முடிவு பண்ணுகிறார்கள். அங்கே தண்ணிக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. மேலே யாராவது புதிதாகத் தண்ணி கேட்டு வழக்குப் போட்டால், இதனால் ஆத்துப் பங்கு குறையுமா என்று வாரியத்தின் சார்பில் இஞ்சினியர்கள் கணக்குப் போட்டு ஆட்சேபணை தாக்கல் செய்கிறார்கள். உரிமையைக் கொடுத்ததோடு நிற்காமல், காவல் காக்க இஞ்சினியரையும் வக்கீலையும் அரசு செலவில் வைத்திருக்கிறார்கள்.

அங்கே தண்ணி உரிமையை விலைக்கு விற்கவும் வாங்கவும் செய்கிறார்கள். அது நமக்கு வேண்டவே வேண்டாம். தண்ணி சந்தைச் சரக்கு ஆவதை இந்தச் சங்கம் என்றைக்கும் ஒப்புக்கொள்ளாது. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று: ஆத்துப் பங்குக்கு ஒரு காவல்காரன், அவனுக்குச் சம்பளம்.

பணம் இல்லையா?

பணம் இல்லை என்ற பேச்சை நம்ப வேண்டாம். 2016 ஏப்ரலில் தேசிய நீரியல் திட்டம் என்று சுமார் 3,680 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. உலக வங்கிக் கடனும் அதில் உண்டு. நாடு முழுக்கத் தண்ணியை அளக்கவும் கணக்கு வைக்கவும்தான் அந்தத் திட்டம். அதில் கொள்ளிடக் கடைமடைக்கு எத்தனை கருவி வந்தது, எத்தனை வேலை செய்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். இந்த ஆத்து மணலை விற்று அரசு காசு பார்த்தது. ஆத்துத் தண்ணியைக் கம்பெனிகளுக்குக் கொடுத்தும் கட்டணம் வாங்குகிறது. ஆத்திலிருந்து எடுத்த காசில் ஒரு பங்கை ஆத்தை அளக்கச் செலவு பண்ணு என்கிறோம். இது பிச்சை இல்லை.

நம்ம கோரிக்கைகள்

1. பிப்ரவரி முதல் மே வரை ஆத்துப் பங்கான 10 டி.எம்.சி.யில் வந்தது எவ்வளவு, மேட்டூரிலிருந்து விட்டது எவ்வளவு என்று தனிக் கணக்கு எழுதி, மாதா மாதம் வெளியிடு!

2. முக்கொம்பு, கல்லணை, அணைக்கரை ஆகிய மூன்று இடத்துக்கும் கீழே, கோடையில் ஆத்தில் ஓட வேண்டிய குறைந்தபட்ச அளவை விவசாயிகளைக் கலந்து நிர்ணயித்து அரசாணை போடு!

3. நீர்வளத்துறையில் ஆத்து ஓட்டத்தை மட்டும் அளந்து காக்கத் தனிப் பிரிவு வை! இஞ்சினியர், ஆய்வுக்கூடப் பணியாளர், லஸ்கர் காலியிடங்களை நிரப்பு! இதற்கு ஒவ்வொரு பட்ஜெட்டிலும் தனித் தலைப்பில் நிதி ஒதுக்கு!

4. ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பிலும் அளவுகோலைப் புதுப்பி! அன்றாட அளவைத் தமிழில் பலகையில் எழுதிப் போடு!

5. கடைமடை ஊர்களில் போர், கிணறுகளின் உப்பளவை மாதம் ஒரு முறை பார்த்து, முடிவை கிராம சபையில் படி!

6. அரசுக் கணக்கை விவசாயிகள் சரிபார்க்க, ஆணையத்திலும் கோர்ட்டிலும் நம்ம தரப்பைச் சொல்ல, விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் இஞ்சினியருக்கு அரசு செலவு செய்!

7. அளவு நிலையங்கள் உள்ள ஆத்துப் பகுதியில் மணல் அள்ளுவதை அடியோடு நிறுத்து!

நாம் என்ன செய்யப் போகிறோம்?

கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் போவதில்லை. கரையோர ஊர் ஒவ்வொன்றிலும் ஒரு நோட்டு போடுவோம். வாரம் ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்தில் ஆத்தில் எத்தனை அடி தண்ணி என்று எழுதுவோம். தண்ணி இல்லை என்றால் "இல்லை" என்று எழுதுவோம், அதுவும் கணக்குதான். படிக்கிற பிள்ளைகள் இதில் முன்னால் வரட்டும். உப்பளவு பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைச் சங்கக் கிளைகள் சேர்ந்து வாங்குவோம். எழுதுகிறவர் இரண்டு பேர், கையெழுத்துப் போடுகிறவர் இரண்டு பேர். பொய் ஒரு எழுத்தும் கூடாது. ஒரு பொய் எழுதினால் நூறு உண்மையும் செத்துவிடும்.

அடுத்து, அந்த நோட்டுகளைத் தலையில் சுமந்துகொண்டு, ஆளுக்கொரு அடி போட்ட அளவுகோல் கம்பை ஏந்தி, நீர்வளத்துறை அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் போவோம். தேதியைக் கிளைக் கூட்டங்களில் சொல்வோம். வீட்டுக்கு ஒருவர் கட்டாயம் வர வேண்டும். பெண்கள் கண்டிப்பாக வர வேண்டும். உப்புத் தண்ணியின் கஷ்டம் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

அன்றைக்கு ஒரு பாட்டில் உப்புத் தண்ணியோடு போய்த் தோற்று வந்தோம். இந்தத் தடவை நோட்டோடு போவோம். ரிஜிஸ்டரைத் திறக்கட்டும், நாமும் நோட்டைத் திறப்போம். எண்ணுக்கு எண் பேசுவோம்.

அளவு இல்லாத உரிமை ஏட்டுச் சுரைக்காய்!
ஆத்துப் பங்கு ஆத்துக்கே!
அளந்து காட்டு! எழுதிக் காட்டு!
விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!